கடலோர ஊருக்கு சுனாமி பாதிப்பு மதிப்பீடு செய்வது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

சுனாமி வந்தால் உங்கள் ஊரில் எந்தத் தெரு முழுகும், யார் மாட்டிக்கொள்வார்கள், எந்த வழியாக ஓடவேண்டும் என்று ஒரு அறிக்கை எழுதித் தரச் சொல்லி ஊராட்சியிலோ தொண்டு நிறுவனத்திலோ கல்லூரியிலோ கேட்டிருக்கிறார்களா? இணையத்தில் தேடினால் சமன்பாடுகள் நிறைந்த ஆய்வுக் கட்டுரைகள்தான் கிடைக்கும். எந்தக் காகிதத்தை எந்த அலுவலகத்தில் கேட்பது, எதற்குக் காசு, எதற்கு எவ்வளவு நாள் என்று அவற்றில் இருக்காது. நாகப்பட்டினம் கரையில் இந்த வேலையைத் தட்டுத்தடுமாறி முடித்த அனுபவத்தில் எழுதுகிறேன். மற்ற கரைகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் முக்கால்வாசி நேரத்தைக் கணினி முன்னால் கழித்துவிட்டு, ஊருக்கு இரண்டு நாள் போய்வருகிறார்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். வரைபடத்துக்கு ஒரு வாரம் போதும். ஊருக்குத்தான் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும்.

1. எதற்காக இந்த மதிப்பீடு என்று முடிவு செய்யுங்கள்

பட்ட ஆய்வுக்கா, ஊராட்சியின் பேரிடர் திட்டத்துக்கா, யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரத்துக்கா? மூன்றுக்கும் வேலையின் அளவு வேறு. ஆய்வுக்கு ஒரு மாவட்டக் கரை முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து மதிப்பெண் போட்டால் ஒப்புக்கொள்வார்கள். ஊராட்சிக்கு அது உதவாது, அங்கே தெரு அளவில் வேண்டும். அங்கீகாரத்துக்கு 12 அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் முதல் மூன்றுதான் மதிப்பீடு: அபாயப் பகுதியை வரைபடத்தில் குறிப்பது, அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கிடுவது, ஊரிடம் என்னென்ன வளங்கள் இருக்கின்றன என்று பட்டியலிடுவது. மீதி எல்லாம் தகவல் பலகை, ஒத்திகை, எச்சரிக்கை என்று போகும்.

நான் இங்கே சொல்வது ஒரே ஒரு ஊருக்கான, தெரு அளவிலான மதிப்பீட்டை. முதல் முயற்சியில் அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

2. காகிதங்களைச் சேகரியுங்கள்

இதை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். அலுவலகங்களில் காத்திருக்கும் நேரம்தான் மொத்த வேலையையும் இழுக்கும்.

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலக இணையதளத்திலேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், செலவில்லை. அதில் 'பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள்' என்று ஒரு பட்டியல் வரும். பெரும்பாலும் அது வெள்ளத்தையும் புயலையும் வைத்துப் போட்ட பட்டியல், அதை சுனாமிப் பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு மையங்கள், தொலைபேசி எண்கள், பொறுப்பு அலுவலர்கள் விவரம் உங்களுக்கு வேண்டும்.

கிராம வரைபடமும் புல வரைபடமும். விஏஓவிடமும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். வெறுங்கையோடு போகாமல், ஊராட்சித் தலைவரிடமோ கல்லூரி முதல்வரிடமோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். அதில் பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கரையில் அளவெடுத்துக்கொண்டு நிற்கும்போது கடலோரக் காவல் குழுமத்தினர் வந்து விசாரித்தால் காட்டவும் அதுதான் உதவும். ட்ரோன் பறக்கவிடும் எண்ணமிருந்தால் அரசின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எடுத்துப்போகவே கூடாது. நம் கரையில் கடற்படை, விமானப்படை இடங்கள் நிறைய.

மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பின் கிராமவாரித் தரவு இலவசம். ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. அந்தத் தரவு வருவாய்க் கிராமத்துக்கானது. மீனவர் குப்பம் என்பது பெரும்பாலும் ஒரு வருவாய்க் கிராமத்தின் அல்லது நகராட்சி வார்டின் ஓர் ஓரம், தனியாகத் தெரியாது. அடுத்து, நாகை மாவட்டத்தின் பழைய எண்கள் எதை எடுத்தாலும் இன்றைய மயிலாடுதுறை மாவட்டமும் அதற்குள் இருக்கும். 2020இல்தான் அது பிரிந்தது. தரங்கம்பாடியும் பூம்புகாரும் அந்தப் பழைய கணக்கில் நாகையில்தான். பழைய மொத்தத்தை இன்றைய எல்லையால் வகுத்து வைத்திருக்கும் அறிக்கைகளை நானே பார்த்திருக்கிறேன். குப்பத்துக்கான எண் வேண்டுமென்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எடுத்த கடல் மீனவர் கணக்கெடுப்பைப் பாருங்கள். அதோடு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் பெறுகிறவர்களின் பட்டியலை மீன்வளத் துறை அலுவலகத்தில் எண்ணிக்கையாக மட்டும் கேட்டு வாங்கலாம்.

கேட்டும் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அதாவது ஆர்டிஐயில், மனு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தரவேண்டும். ஓர் அலுவலகத்தில் 'தகவல் தொகுக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. காரணம் இதுதான்: 'பாதிப்பு விவரம் தருக' என்று பொதுவாகக் கேட்டால் அப்படித்தான் வரும். 'இன்ன கோப்பின் நகல் தருக', 'இன்ன பதிவேட்டைப் பார்வையிட அனுமதி தருக' என்று கேளுங்கள்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடம், சிஆர்இசட் என்று எல்லோரும் சொல்வது, கட்டாயம் எடுத்துவையுங்கள். உயர் ஓதக் கோடு, அதாவது கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை, எங்கே போகிறது என்று அதில் தெரியும். ஆனால் அதன் கோடுகள் கட்டடம் கட்ட அனுமதி தரும் கோடுகள், சுனாமி அந்தக் கோட்டோடு நிற்காது.

3. நில உயரத்தைச் சரியாகப் பிடியுங்கள்

மொத்த மதிப்பீடும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலவச உயரத் தரவு நிறைய இருக்கிறது. வரைபடம் போட உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். எஸ்ஆர்டிஎம், கோப்பர்னிக்கஸ், இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்டோடெம் ஆகிய மூன்றும் 30 மீட்டர் கட்டங்களில் வரும். இறக்கி, நிறம் பூசி, 'ஐந்து மீட்டருக்குக் கீழே சிவப்பு' என்று போட்டால் அரை மணி நேரத்தில் அழகான வரைபடம் தயார். அதை நம்பி யாரையும் எங்கேயும் அனுப்பாதீர்கள்.

எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்தது. அதாவது சுனாமிக்கு முந்தைய கரை. அதற்குப் பிறகு வந்த குடியிருப்புகள், சாலை மேடுகள், அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள், அரிப்பில் போன கரை எதுவும் அதில் இல்லை. கோப்பர்னிக்கஸ் அதைவிடப் புதியது, தரமும் மேல். ஆனால் இவை எல்லாமே மேற்பரப்பைப் பார்ப்பவை. ஒரு சவுக்குத் தோப்பைப் பத்து மீட்டர் மேடாகக் காட்டும். நெருக்கமான ஓட்டுவீட்டுத் தெரு மூன்று மீட்டர் உயர்ந்து நிற்கும். நாகை மாதிரித் தட்டையான கரையில் உண்மையான தரை இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும், தரவின் பிழையும் அதே அளவு. அளக்கும் கோலின் பிழை, அளக்கும் பொருளின் உயரத்துக்குச் சமம் என்றால் அந்த அளவுக்கு என்ன மதிப்பு?

இன்னொரு பொறி புதியவர்களை நிச்சயம் திகைக்க வைக்கும். கார்டோடெம் கோப்பைத் திறந்தால் நாகப்பட்டினக் கடற்கரை பூஜ்யத்துக்குக் கீழே பல பத்து மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல, பூமியைச் சீரான நீள்கோளமாகக் கற்பனை செய்து அதிலிருந்து அளந்தது. உலகிலேயே மிகப் பெரிய ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கற்பனைக் கோளத்துக்கு 106 மீட்டர் கீழே. அதன் விளிம்பில்தான் நம் கரையும் இருக்கிறது. சில கையடக்க ஜிபிஎஸ் கருவிகளிலும் இதே கோளாறு வரும். எந்த உயரத் தரவை எடுத்தாலும் அது எந்த அடிமட்டத்திலிருந்து அளந்தது என்று அதன் விவரக் குறிப்பில் பாருங்கள். வேறு வேறு அடிமட்டத் தரவுகளைத் திருத்தாமல் ஒன்றோடொன்று கழிக்காதீர்கள். கடல் ஆழ வரைபடங்களின் அடிமட்டம் இன்னும் வேறு: அது தாழ் ஓதத்தை ஒட்டியது, சராசரிக் கடல்மட்டம் அல்ல.

சரி, என்னதான் செய்வது? தரைமட்ட வேறுபாட்டைக் காட்டும் ஆட்டோ லெவல் கருவியும் அளவுகோலும் வைத்து நேரில் அளப்பதுதான் வழி. கட்டட வேலைக்குப் போகும் சர்வேயரைக் கருவி, ஆள் எல்லாம் சேர்த்து நாள் கூலிக்குப் பேசுங்கள், இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். கரையிலிருந்து உள்நோக்கி நேர்கோடாக, நூறு மீட்டருக்கு ஒரு கோடு வீதம், ஒவ்வொரு கோட்டிலும் தரை மாறும் இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி. உயரம் தெரிந்த அரசு நிலமட்டக் கல் பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால், காற்றில்லாத காலையில் துறைமுகக் கால்வாய் மாதிரி அலையடிக்காத இடத்தில் நீர்மட்டத்தை நேரத்தோடு குறித்துக்கொண்டு, இந்திய சர்வே துறையின் ஓத அட்டவணையை வைத்துத் திருத்துங்கள். நம் பக்கத்தில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் பிழை பெரிதாக வராது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் இறங்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

மணல்மேடு இருக்கும் ஊரென்றால் அதன் உச்சியை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். மேட்டில் எங்கெங்கே இடைவெளி இருக்கிறது என்று நடந்து பாருங்கள். படகு இழுக்க வெட்டிய வழி, மணல் அள்ளிய பள்ளம், விடுதிக்காரர்கள் கடல் தெரிவதற்காகச் சமன் செய்த இடம் என்று அந்த ஓட்டைகள் வழியாகத்தான் தண்ணீர் முதலில் நுழையும்.

4. 2004இல் தண்ணீர் நின்ற மட்டத்தைக் குறியுங்கள்

கணினியில் போடும் மாதிரிக் கணக்கு எதையும்விட உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் இதுதான். தமிழ்நாட்டில் அன்றைக்கு இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் அன்றைய நாகை மாவட்டத்துக்காரர்கள். பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

இரண்டு தனித்தனி அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். ஓர் இடத்தில் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது ஒன்று. எவ்வளவு தூரம் உள்ளே வந்து நின்றது, நின்ற அந்த இடத்தின் தரை கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது மற்றொன்று. செய்தித்தாள்களில் இவற்றைக் குழப்பி '30 அடி அலை' என்று எழுதிவிடுவார்கள். 'அலை எவ்வளவு உயரம்?' என்று நீங்களும் கேட்டால் பனைமர உயரம் என்றுதான் பதில் வரும், தப்பு அவர்கள் மேல் இல்லை. 'இந்தச் சுவரில் எதுவரைக்கும் ஈரம் இருந்தது? ஜன்னல் கட்டைக்கு மேலேயா, கீழேயா?' என்று இடத்தில் நின்று கேளுங்கள். அவர்கள் கைவைத்துக் காட்டும் இடத்தை டேப் வைத்து அளந்து, முதல் ஆள் காட்டியதைச் சொல்லாமல் அதே இடத்தைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டு ஒத்துப்பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். கோயில் சுவரில் இன்றைய தெருவிலிருந்து மூன்றடியில் கோடு காட்டினால் ஆழம் மூன்றடி என்று எழுதிவிடாதீர்கள். இருபது ஆண்டுகளில் தார்ச்சாலை மேல் தார்ச்சாலையாகப் போட்டு, அப்புறம் சிமெண்ட் தளமும் போட்டு, தெரு ஓரடிக்கும் மேலே ஏறியிருக்கும். பழைய படிக்கட்டில் எத்தனை படி புதைந்திருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் ஆழத்தை மட்டுமல்லாமல், அந்தக் கோட்டின் உயரத்தையே லெவல் கருவியில் பிடித்துவையுங்கள். தெரு ஏறினாலும் அந்த எண் மாறாது.

கேட்கும் முறையும் முக்கியம். முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து, வந்த காரணத்தைச் சொல்லி அனுமதி வாங்குங்கள். டிசம்பர் கடைசி வாரம் போகவே போகாதீர்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று கேள்விப் படிவத்தில் ஒரு கட்டம் வைத்திருந்தால் அதை அடித்துவிடுங்கள், மதிப்பீட்டுக்கு அது தேவையில்லை. அவர்களாகச் சொன்னால் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

கூடவே இன்னொரு கேள்வி: '2012 ஏப்ரலில் எச்சரிக்கை வந்ததே, அப்போது எங்கே போனீர்கள்?' 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. ஆனால் கரையெங்கும் மக்கள் கிளம்பினார்கள். எந்த வழியாகப் போனார்கள், எங்கே நெரிசல், யார் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஒத்திகை.

5. எந்த அலைக்குக் கணக்கிடுவது?

கிழக்குக் கரைக்கு ஆபத்து பெரும்பாலும் சுமத்ரா–அந்தமான் பிளவிலிருந்து. குஜராத், மகாராஷ்டிரக் கரைக்கு பாகிஸ்தான்–ஈரான் கரையோரம் இருக்கும் மக்ரான் பிளவு, 1945இல் அங்கேதான் சுனாமி எழுந்தது. மேற்குக் கரை நண்பர்கள் 2004ஐ மட்டும் அளவாக வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவார்கள்.

அலை எப்படி வரும் என்று கணினியில் போடும் மாதிரிக் கணக்கை நீங்களே ஓட்ட முயல வேண்டாம் என்பது என் கருத்து. மென்பொருள் இலவசம்தான். கரையோர ஆழத் தரவுதான் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜெப்கோ என்ற உலகக் கடல் ஆழத் தரவின் ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர், உங்கள் குப்பம் முழுவதும் இரண்டு கட்டத்தில் அடங்கிவிடும். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம்தான் 2007 முதல் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையத்தை நடத்துகிறது. மாவட்ட நிர்வாகம் வழியாக அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். ஆனால் அவர்கள் வெளியிட்ட 'கடலோரப் பாதிப்புக் குறியீடு' வரைபடத்தை எடுத்து சுனாமி வரைபடம் என்று ஒட்டிவிடாதீர்கள். கரையரிப்பு, கடல்மட்ட உயர்வு, ஓதம், அலை உயரம், சரிவு என்று ஏழு காரணிகளை வைத்து, கடல்மட்டம் ஏறுவதை நினைத்துச் செய்தது அது. இந்தக் குழப்பம் பல ஆய்வேடுகளில் இருக்கிறது.

இன்காய்ஸ் பதில் வரும்வரை இப்படிச் செய்யலாம். உங்கள் ஊரில் 2004இல் தண்ணீர் எட்டிய மிக உயர்ந்த தரைமட்டத்தை எடுங்கள், அதற்கு மேல் ஒரு மீட்டர் கூட்டுங்கள், அதற்குக் கீழே கடலோடோ ஆற்றோடோ தொடர்புள்ள நிலமெல்லாம் அபாயப் பகுதி. முரட்டுத்தனமான முறைதான், உள்ளே தள்ளியிருக்கும் நிலத்தை மிகைப்படுத்தும். வெளியேற்ற வரைபடத்துக்கு மிகை தப்பில்லை. ஆறும் கால்வாயும் மட்டும் விட்டுப்போகக் கூடாது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் உப்பனாற்றங்கரை வீடு கடற்கரை வீடு மாதிரிதான்.

6. வீடு வீடாகப் பாருங்கள்

கட்டடங்களுக்கு மதிப்பெண் போட உலகம் முழுக்கப் பயன்படுவது பிடிவிஏ என்ற முறை. அதன் மூன்றாம் பதிப்பில், கட்டடத்தின் உறுதிக்கு மூன்றில் இரண்டு பங்கு, தண்ணீர் எத்தனை தளத்தை நனைக்கும் என்பதற்கு மூன்றில் ஒரு பங்கு. மாடி எத்தனை, எதனால் கட்டியது, கீழ்த்தளம் திறந்ததா அடைத்ததா, அஸ்திவாரம், கடலைப் பார்த்து எந்த வாக்கில் நிற்கிறது, அக்கம்பக்கத்தில் மிதந்து வந்து மோதக்கூடியது என்ன, பராமரிப்பு எப்படி என்று ஏழு கேள்விகள். கேள்விகள் நல்லவை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை எண்களை அப்படியே எடுக்காதீர்கள், கீற்றுக் கொட்டகையையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் நினைத்து எழுதியவை அல்ல.

நம் கரையில் நான் கூடுதல் கவனம் கொடுக்கச் சொல்வது மிதந்து வந்து மோதும் பொருளுக்கு. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவென்றால் விசைப்படகு கட்டுமிடத்திலிருந்து அது எத்தனை தூரம் என்று எழுதுங்கள். நாகையில் படகுகள் கரையேறி வந்து கிடந்த படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அரசு கட்டிக்கொடுத்த சுனாமிக் குடியிருப்பு உள்ளே இருக்கிறது, அதனால் ஊர் பாதுகாப்பாக நகர்ந்துவிட்டது என்று எழுதுவதற்கு முன் கரையோரப் பழைய வீடுகளின் கதவைத் தட்டுங்கள். மகன் குடும்பம் அங்கே இருக்கும், அல்லது வாடகைக்கு விட்டிருப்பார்கள், அல்லது வலையும் எஞ்சினும் வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் படுத்திருப்பார். மின்சார இணைப்பு ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்தாலே தெரியும்.

7. யார், எந்த நேரத்தில் அங்கே இருப்பார்கள்?

குடும்ப அட்டையை எண்ணினால் இரவு பன்னிரண்டு மணிக்கான கணக்குதான் கிடைக்கும். கடலோர ஊர் மணிக்கு மணி மாறும். விடியலில் படகு வந்து சேரும்போது ஏலம் எடுக்கும் பெண்கள், கூடைக்காரர்கள், ஐஸ் வண்டி, வெளியூர் வியாபாரிகள் என்று மொத்தக் கூட்டமும் தண்ணீர் விளிம்பில் நிற்கும். அதே நேரம் ஆண்கள் பலர் கடலில் இருப்பார்கள். ஆழ்கடலில் சுனாமி தெரியவே தெரியாது, கரையில்தான் எழும். 2004இல் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சேலையோடு ஓட முடியாதது, நீந்தத் தெரியாதது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று மற்றவையும் சேர்ந்தன.

அதனால் நான்கு கணக்கு எடுங்கள்: வேலைநாள் விடியல், வேலைநாள் மதியம், இரவு, அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் ஒரு நாள். தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் ஊரிலேயே இருப்பார்கள், படகுகளும் வரிசையாகத் துறைமுகத்திலேயே நிற்கும். வேளாங்கண்ணி மாதிரி ஊருக்கு ஐந்தாவது ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரையில் இருந்த வெளியூர் பக்தர்களை எந்தக் குடும்ப அட்டையும் காட்டியிருக்காது. விடுதி அறைகளின் எண்ணிக்கை, பேருந்து நிறுத்தத்தில் திருவிழா நாளில் இறங்கும் கூட்டம், இவற்றை வைத்துத் தோராயம் போடுங்கள்.

நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளரும் கிராம செவிலியரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அறிக்கையில் எண்ணிக்கை மட்டும் போடுங்கள். பெயரும் வீட்டு எண்ணும் ஊர்ப் பொறுப்பாளர் கையில் இருக்கட்டும்.

8. ஓடும் வழியை நடந்து பாருங்கள்

குமரி மாவட்டம் கொட்டில்பாட்டில் ஊருக்குப் பின்னால் ஏ.வி.எம். கால்வாய் ஓடுகிறது. கடலைப் பார்த்துப் பயந்து பின்பக்கம் ஓடியவர்கள் பலர் அந்தக் கால்வாயில் மாட்டிக்கொண்டார்கள். உயர வரைபடத்தில் கால்வாய் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். நாகையின் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டைப் பக்கமும் ஒருபுறம் கடல், ஒருபுறம் கடுவையாறு. இப்படிப்பட்ட ஊரில் 'கடலிலிருந்து எத்தனை மீட்டர்' என்ற எண்ணைவிட 'பாலம் எத்தனை, அகலம் என்ன' என்ற எண்தான் பேசும்.

ஒரு வயதான அம்மாவையும் பிள்ளை தூக்கிய ஒருவரையும் கூட்டிக்கொண்டு, கரையிலிருந்து பாதுகாப்பான இடம்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடங்கள். மணல் பகுதி, தார்ச்சாலை, பாலம் என்று பிரித்து நேரம் எழுதுங்கள். வழியில் பூட்டிய கேட், உயர்ந்த காம்பவுண்டுச் சுவர், வலை காயப்போட்ட சந்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை எல்லாம் குறிப்பில் வரவேண்டும்.

பாதுகாப்பு மையம் இருந்தால் மூன்றைப் பாருங்கள். தளம் தூண்கள்மேல் உயர்ந்திருக்கிறதா? சக்கர நாற்காலி ஏற வழி இருக்கிறதா? சாவி யாரிடம்? மூன்றாவதுதான் முக்கியம். 'சாவி அலுவலகத்தில் இருக்கும்' என்ற பதிலை எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

நேரக் கணக்கு இப்படி. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும், பத்து மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர். சுமத்ரா, நிக்கோபார் பக்கம் எழுந்தால் நமக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கிடைக்கும். இன்காய்ஸ் முதல் அறிவிப்பைப் பத்து நிமிடத்துக்குள் தர முயலும். இரண்டு மீட்டருக்கு மேல் அலை எதிர்பார்த்தால் சிவப்பு எச்சரிக்கை, அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் என்றால் ஆரஞ்சு. அதன்பிறகு ஊரின் கடைசி வீட்டுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது. கோயில் மைக், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தேவாலய மணி, பஞ்சாயத்து வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் எழுதுங்கள். மின்சாரம் போனால் எது மிஞ்சும் என்றும் எழுதுங்கள்.

9. மதிப்பெண் போடுவது

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தெருவுக்கும் நீர் ஆழம், கட்டட உறுதி, உச்ச நேர மக்கள், வெளியேறும் நேரம் ஆகிய நான்குக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண், ஐந்து என்றால் மிக மோசம். கூட்டாதீர்கள், சராசரி எடுக்காதீர்கள். நான்கில் மூன்று நன்றாக இருந்து பாலம் மட்டும் இல்லாத தெருவைச் சராசரி மறைத்துவிடும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் அட்டவணையாகக் காட்டுங்கள், ஏதாவது ஒன்று ஐந்தாக இருந்தால் தெருவுக்குச் சிவப்பு.

அலையாத்திக் காடு, சவுக்குத் தோப்பு இருக்கிறது என்று மதிப்பெண் குறைக்கும் வழக்கமும் உண்டு. பிச்சாவரம் பக்கத்து ஊர்களை வைத்து 2005இல் வந்த ஆய்வு காடு காப்பாற்றியது என்றது. அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள், கடலிலிருந்து இருந்த தூரமும் நில உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். காடு நல்லதுதான், வளர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதை நம்பி ஒரு தெருவின் நிறத்தை மாற்றாதீர்கள்.

10. செலவும் காலமும்

ஒரு ஊருக்கு, இரண்டு பேர் முழு நேரம் உழைத்தால் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி நடுவில் தொடங்கினால் மார்ச்சுக்குள் அளவீடும் வீட்டுக் கணக்கும் முடியும். தடைக்காலக் கணக்குக்கு ஏப்ரல் கடைசியில் ஒருமுறை போனால் போதும். அக்டோபரில் தொடங்குகிறவர்கள் மழையில் மாட்டுவார்கள், ஆற்றுமட்டமும் தப்பாகப் பதிவாகும்.

காசு பெரும்பாலும் சர்வேயர் கூலி, போக்குவரத்து, வீட்டுக் கணக்கெடுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கான படி, பெரிய அளவு வரைபட அச்சு ஆகிய நான்கில்தான் போகும். மென்பொருளுக்கும் செயற்கைக்கோள் தரவுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை. யாராவது 'குறியீட்டு வரைபடம் செய்து தருகிறோம்' என்று பெரிய தொகை சொன்னால், தரைமட்டத்தை நேரில் அளப்பீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் காசை சர்வேயருக்குக் கொடுங்கள்.

11. ஊர்க்கூட்டமும் ஒப்புதலும்

வரைவு வரைபடத்தைச் சுவரளவு அச்செடுத்து வலைபின்னும் கூடத்தில் மாட்டுங்கள். கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஊர்ப் பெயரிலேயே இருக்கட்டும். மக்கள் தங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் திருத்தம் சொல்ல ஆரம்பிப்பார்கள். சிவப்பில் விழுந்த வீட்டுக்காரர்கள் 'இதை வைத்து எங்களைக் காலி செய்யச் சொல்வார்களா?' என்று கேட்பது நிச்சயம். நியாயமான பயம். இது வெளியேற்ற வரைபடம், நில ஆவணம் அல்ல என்று வரைபடத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள்.

கிராம சபையில் தீர்மானம் வாங்கிய பிறகு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரம் வேண்டுமென்றால் மாவட்டமும் மாநிலமும் பரிந்துரைத்து, இன்காய்ஸ் இயக்குநர் தலைமையிலான தேசிய வாரியத்துக்குப் போகும், அங்கிருந்து யுனெஸ்கோவுக்கு. ஒடிசாவின் வெங்கட்ராய்பூரும் நோலியாசாஹியும் 2020இல் இதைப் பெற்றன, இந்தியப் பெருங்கடல் வட்டாரத்திலேயே முதலாவதாக. 2024இல் ஒடிசாவில் மட்டும் 24 ஊர்கள். அவர்களின் விண்ணப்ப அமைப்பைப் பார்த்து உங்கள் காகிதங்களை அடுக்கினால் வேலை எளிது.

அங்கீகாரம் நான்கு ஆண்டுக்குத்தான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடந்திருக்க வேண்டும், ஆண்டுக்கு மூன்று விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தியதற்குப் படமும் கையெழுத்துப் பட்டியலும் இருக்க வேண்டும். இவற்றுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு தனிக் கோப்பு போட்டு ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துவையுங்கள். தேர்தல் முடிந்து தலைவர் மாறினால், பொறுப்பாளர் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள பக்கத்தை அந்த வாரமே மாற்றி அச்சிடுங்கள்.